பழைய கிதாபு கிடைக்கிறது, போன மாதச் சுற்றறிக்கை கிடைக்கவில்லை

இணையத்தில் அரபு குறைவு என்று அரபிகளே புலம்புவது இன்று நேற்றுக் கதை இல்லை. நாற்பது கோடிப் பேருக்கு மேல் பேசுகிற மொழி, 1973லிருந்து ஐநாவின் அலுவல் மொழிகளில் ஒன்று, ஆனால் உலகத்து இணையதளங்களில் அரபில் இருப்பவற்றை எண்ணினால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது என்கிறார்கள் கணக்கெடுப்பவர்கள். சரி, கணக்கு சரியாகவே இருக்கட்டும். சென்னை மண்ணடியில் உட்கார்ந்து தினமும் அரபுக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அதைவிட உறுத்துவது, இருப்பதே கைக்கு அகப்படாமல் போவது. அதிலும் எது அகப்படுகிறது, எது அகப்படவில்லை என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும்.

நான் வேலை செய்வது அங்கப்ப நாயக்கன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு டிடிபி கடையில். மதரஸா பாடப் புத்தகம், நிக்காஹ் பத்திரிகை, வளைகுடாவுக்குப் போகிறவர்களின் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, அங்கிருந்து திரும்பி வந்தவர்களின் கணக்கு பாக்கிக் காகிதம் என்று எல்லாம் வரும். நம் தெருவில் அரபு எழுத்துக் கூட்டி ஓதத் தெரிந்தவர்கள் நிறைய, படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம், தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் அதிலும் கொஞ்சம். அதனால் யாருக்கு அரபில் எது தேவைப்பட்டாலும் கடைசியில் எங்கள் மாதிரிக் கடைகளுக்குத்தான் வருவார்கள்.

முதலில் கிடைப்பதைச் சொல்கிறேன். மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவர் வந்து உட்கார்ந்து, இந்த ஹதீஸின் (நபிமொழியின்) பாதி வாசகம்தான் ஞாபகம் இருக்கிறது, எந்தக் கிதாபில் என்று பாருங்கள் என்றால், ஷாமிலாவைத் திறந்து நான்கு சொற்களைத் தட்டினால் போதும். அல் மக்தபா அஷ் ஷாமிலா என்பது இலவச நூலக மென்பொருள். ஆயிரக்கணக்கான பழைய நூல்கள், ஸ்கேன் படமாக இல்லாமல், தட்டச்சு செய்த எழுத்தாகவே அதில் இருக்கின்றன. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரி, டீ வருவதற்குள் திரையில் வந்து நிற்கும். குர்ஆனுக்கு 2007ல் தொடங்கிய தன்ஸீல் என்ற திட்டம் இருக்கிறது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மூலத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள், இன்று போனில் இருக்கிற குர்ஆன் செயலிகள் பலவும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. மார்க்கத்தின் மேல் உள்ள அக்கறையில் இரவும் பகலும் யாரோ உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள், அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இப்போது கிடைக்காததைப் பார்க்கலாம். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, சவூதிக்கு வெல்டராகப் போகிறவர், வேலை ஒப்பந்தத்தைப் போனில் வைத்துக்கொண்டு வந்தார். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபு. இரண்டும் ஒன்றுதானா என்பது அவருடைய கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் சவூதி தொழிலாளர் சட்டத்தின் 9வது பிரிவுப்படி அரபோடு வேறு மொழியும் சேர்த்து எழுதியிருந்தால் அரபு வாசகம்தான் செல்லும். அவர் புரிந்து கையெழுத்துப் போடுவது ஒரு பக்கத்தில், வழக்கு என்று வந்தால் எடுபடுவது இன்னொரு பக்கம். அரபுப் பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டினேன். எழுத்தெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, வரிசை பின்னுக்கு முன்னாக மாறி, ஒரு குப்பை வந்து விழுந்தது. "இன்னா பாய், பிச்சுப் போட்ட மாதிரி கீது" என்றார். மொழிபெயர்ப்புக் கருவியும் அதை வைத்துக்கொண்டு எதையோ உளறியது. கடைசியில் முக்கியமான பிரிவுகளை நானே பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியதாயிற்று. சம்பளம், வேலை நேரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். திரும்பி வரும் டிக்கெட் பற்றிய வரியில் மட்டும் ஆங்கிலத்தில் இருந்த ஒரு நிபந்தனை அரபில் இல்லை. அது அவருக்குச் சாதகம்தான், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு கடைக்காரன் அரைமணி நேரம் தட்ட வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று பலர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அரபு ஒட்டி எழுதுகிற எழுத்து. 'பா' தனியாக நின்றால் ஒரு வடிவம், சொல்லின் முதலில் வந்தால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. யூனிகோடில் இந்த நாலுக்கும் ஒரே குறியீடுதான், எந்த இடத்தில் எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிக் குறியீடு கொடுத்த இன்னொரு தொகுதியும் யூனிகோடுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள் என்பதுதான் வழிகாட்டுதல். இருந்தும் பிடிஎஃப் உருவாக்குகிற பல மென்பொருள்கள் அந்த வடிவக் குறியீடுகளையோ, எந்தக் குறியீடும் இல்லாத வெறும் வடிவத்தையோ கோப்பில் வைத்துவிடுகின்றன. கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் கணினிக்கு அது அரபே கிடையாது, தேடுபொறி அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இதுகூடப் பரவாயில்லை என்கிற நிலை ஒன்று உண்டு: கடிதத்தையோ சுற்றறிக்கையையோ அச்சடித்து, முத்திரை குத்தி, திரும்ப ஸ்கேன் செய்து, படமாக ஏற்றுவது. அரசு அலுவலகம் என்றால் எந்த நாடாக இருந்தாலும் முத்திரை மேல் இருக்கிற மோகம் ஒன்றுதான் போலிருக்கிறது, நம்மூர் அரசாணைகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகமொத்தம் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அரபு கைக்கெட்டும் தூரத்தில், போன மாதம் வந்த சுற்றறிக்கை பூட்டுக்குள். அரபு உள்ளடக்கத்தைப் பெருக்க வேண்டும் என்று மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டாம், ஏற்கெனவே எழுதி முடித்ததை எழுத்தாக வெளியிட்டாலே போதும்.

அமீரகத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2016லிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கான பணி வாய்ப்புக் கடிதம் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மூன்றாவது மொழியிலும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள், அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. அரபில் எழுதுவதை முதலில் ஒழுங்கான படிவமாக, ஒவ்வொரு பிரிவுக்கும் நிலையான வாசகமாக வைத்ததால்தான் மற்ற மொழிகளை அதோடு கோக்க முடிந்தது. ஸ்கேன் படமாக இருந்திருந்தால் நடந்திருக்குமா?

தமிழ்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாமல் போக வாய்ப்பே இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதைத் திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் திறந்து கட்டம் கட்டமாகப் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம். ஒரு எழுத்துரு இல்லையென்றால் ஒரு பத்திரிகையையே படிக்க முடியாது. 1999ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று குறியீடுகளைத் தரப்படுத்தினார்கள், பிறகு 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது, அதற்கப்புறமும் அச்சகங்களில் பழைய குறியீடு போகப் பல வருடம் பிடித்தது. எங்கள் பக்கத்துக் கடையில் இன்னும் போகவில்லை. அரபிலும் அதே கதைதான், விண்டோஸுக்கு ஒரு குறியீடு, ஐஎஸ்ஓ தரத்துக்கு இன்னொன்று என்று ஓடி, பழைய தளங்களைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் கோணல்மாணலாக வந்து நிற்கும்.

இன்னொரு உறவும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஹார்ஃப்பஸ் என்று ஒரு திறமூல நிரல். குறியீடுகளை வாங்கி எழுத்துருவிலிருந்து சரியான வடிவங்களை எடுத்து அடுக்கித் தருவதுதான் அதன் வேலை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் உள்ளே அதுதான் இருக்கிறது. அதைக் கட்டியெழுப்பியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், முக்கியப் பங்களிப்பாளர்களில் ஒருவர் எகிப்தியரான காலித் ஹுஸ்னி. அரபு எழுத்து திரையில் ஒழுங்காக ஒட்ட வேண்டும் என்ற தேவை உள்ளவர்கள் உழைத்த அதே நிரல்தான், நீங்கள் போனில் 'கொ' என்று தட்டும்போது ககரத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றைக்கொம்பையும் இந்தப் பக்கம் காலையும் கொண்டுபோய் வைக்கிறது. இதே காலித் ஹுஸ்னி, கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த அச்செழுத்தை அடியொற்றி அமீரி என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மதரஸா புத்தகங்களுக்கு நான் போடுவது அதுதான். உயிரொலியைக் காட்டும் ஹரகத் குறிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் உட்காரும். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்களில் இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.

திசை விவகாரம் தனி. மூர் தெருவில் ஏற்றுமதித் தொழில் செய்கிற ஒருவர் வேறொரு அச்சகத்தில் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்தார், ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபு. துபாயிலிருந்து யாருமே கூப்பிடவில்லை என்று வருத்தம். அரபுப் பக்கத்தைப் பார்த்தால் போன் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் முன்னால், முதல் ஐந்து நடுவில், 91 கடைசியில். அரபு வலமிருந்து இடம், ஆனால் எண்கள் இடமிருந்து வலம். எண்ணை இடைவெளி விட்டுப் பிரித்துத் தட்டினால் ஒவ்வொரு துண்டையும் தனி எண்ணாக நினைத்து, துண்டுகளை வலமிருந்து இடமாக அடுக்கிவிடும் மென்பொருள். துண்டுக்குள் வரிசை சரியாக இருக்கும், அதனால் அவசரமாகப் பார்க்கிறவர் கண்ணில் படாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு திசைக்குறியை எண்ணின் முன்னாலும் இடைவெளிகளிலும் போட்டால் தீர்ந்தது. அந்தக் குறியைத் தட்ட நமது விசைப்பலகைகளில் நேரான வழி கிடையாது, அதுதான் கொடுமை. பெரிய பெரிய தளங்களிலேயே அரபுப் பக்கத்தில் போன் எண்ணும் தேதியும் இப்படிப் புரண்டு கிடப்பதை நீங்களும் பார்க்கலாம், அரபு தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

எழுத்தாக ஏற்றிவிட்டால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடாது. தேடுவதில் அரபுக்கென்று சில தொல்லைகள். அலிஃப் என்ற முதல் எழுத்தின் மேலே ஹம்ஸா என்ற குறி, கீழே ஹம்ஸா, மேலே மத்து என்ற நீட்டல் குறி, ஒன்றுமில்லாத வெறும் அலிஃப் என நாலு விதம், அவசரத்தில் தட்டுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் வெறும் அலிஃபையே போட்டுவிடுவார்கள். சொல்லின் கடைசியில் வரும் தா மர்பூதா என்ற எழுத்துக்குப் புள்ளி வைக்காமல் ஹா என்ற எழுத்தாக விடுவார்கள். ஹரகத் போட்ட சொல்லும் போடாத சொல்லும் கணினிக்கு வேறு வேறு. போதாததற்கு 'அல்', 'வ', 'பி' என்ற முன்னொட்டுகள் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். நாம் 'மரம்' என்று தேடினால் 'மரத்திலிருந்து' சிக்காத மாதிரிதான். நல்ல தேடுபொறிகள் இதையெல்லாம் சமன்படுத்திவிடுகின்றன. அலுவலகத் தளங்களிலும் நூலகத் தளங்களிலும் உள்ளே ஒரு தேடல் பெட்டி இருக்குமே, அது பெரும்பாலும் செய்வதில்லை. எனவே நான் தேடும்போது வெளியே இருக்கிற தேடுபொறியில் தளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுவேன், ஹம்ஸா போட்டும் போடாமலும் ஒருமுறை பார்ப்பேன். உங்களுக்கும் உதவலாம்.

எண்ணிக்கையை வைத்து மார்தட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. அரபு விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியது, தமிழ் விக்கியும் அதே வருடம்தான். இன்று அரபில் 12 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். எகிப்தியப் பேச்சுவழக்குக்குத் தனியாக 2008ல் ஒரு விக்கிப்பீடியா வந்தது, அதில் அதைவிட அதிகம். அடேயப்பா என்று உள்ளே போனால், ஒரு வரி இரண்டு வரியில் முடிகிற, தானியங்கி நிரல் உற்பத்தி செய்த கட்டுரைகள் வரிசையாக வரும். எங்கோ இருக்கிற கால்பந்து வீரர், எங்கோ இருக்கிற விண்மீன். எந்த எகிப்தியர் இதைத் தேடி வரப்போகிறார்? நமக்கும் கூகிள் மொழிபெயர்ப்புத் திட்டத்தில் கட்டுரைகள் கொத்தாக வந்து இறங்கியபோது, இந்தத் தமிழ் யாருக்கு என்று தமிழ் விக்கியர்கள் எதிர்த்துக் கேட்டார்கள், சரியாகத்தான் கேட்டார்கள். அதற்கு மாறாக 2012ல் கெய்ரோவில் ஐன் ஷம்ஸ், கெய்ரோ பல்கலைக்கழக மாணவர்களை வகுப்பு வேலையாகவே கட்டுரை எழுதவும் மொழிபெயர்க்கவும் வைத்தார்கள். மாணவிகள் அதில் நிறையப் பேர். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் மனிதர்கள் படித்துப் பார்த்து எழுதியது.

பேச்சும் எழுத்தும் வேறாக இருப்பதும் ஒரு சிக்கல், இதில் நாம் அவர்களுக்கு ஆறுதல் சொல்லலாம். வீட்டில் பேசுவது எகிப்திய வழக்கு, மொராக்கோ வழக்கு, எழுதுவது ஃபுஸ்ஹா என்கிற இலக்கண அரபு. செல்போனில் அரபு விசை இல்லாத காலத்தில் பையன்கள் ஆங்கில எழுத்தில் தட்டி, ஐன் என்ற எழுத்துக்கு 3, அழுத்தமான ஹாவுக்கு 7 என்று போட ஆரம்பித்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு உரையாடலும் அரபுதான், எந்தக் கணக்கிலும் சேராது. அப்புறம் எழுதியதை வைக்கிற இடம் விஷயம். ஜோர்டானில் தொடங்கிய மக்தூப் தளத்தை 2009ல் யாஹூ வாங்கியது. அரபு இணையத்தின் பெருமையாகக் கொண்டாடினார்கள். அதிலிருந்த வலைப்பதிவுச் சேவை பிறகு மூடப்பட்டது, வருடக்கணக்கில் எழுதியவர்களின் பதிவுகள் அந்த முகவரிகளில் இப்போது இல்லை. எழுதுகிறவர்கள் ஒரு நகல் வீட்டில் வைத்திருங்கள், தமிழில் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. சிரியாவில் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்புகளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் உரிம முறை) வேலையை முன்னெடுத்த பாஸில் கர்தபில் 2012 மார்ச்சில் கைதானார். 2015ல் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது குடும்பத்துக்கே 2017ல்தான் தெரிந்தது. அரபு விக்கிப்பீடியாவில் நிர்வாகியாக இருந்த சவூதியைச் சேர்ந்த உஸாமா காலித் 2020ல் கைதாகி நீண்ட தண்டனையில் இருக்கிறார் என்று மனித உரிமை அமைப்புகள் வெளியிட்டன. அரபில் உள்ளடக்கம் ஏன் குறைவு என்று ஆராய்ச்சி செய்கிற அறிக்கைகளில் எழுத்துரு, விசைப்பலகை, முதலீடு எல்லாம் இருக்கும், இந்தப் பத்தி மட்டும் சின்ன எழுத்தில்கூட இருக்காது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்பதுகளில் ஸக்ர் என்ற பெயரில் அரபு பேசும் வீட்டுக் கணினிகளை விற்ற குவைத்தின் முஹம்மத் அஷ் ஷாரிக், பிற்காலத்தில் தன் முயற்சியில் பழைய அரபு இலக்கிய, பண்பாட்டு இதழ்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து, ஆசிரியர் பெயரிலும் தலைப்பிலும் தேடும்படி திறந்துவிட்டார். 2024ல் காலமானார். கத்தார் மின்னூலகம் 2014லிருந்து பிரிட்டிஷ் நூலகத்தின் வளைகுடா ஆவணங்களைத் தருகிறது. எகிப்தின் ஹிந்தாவி அமைப்பு நூல்களை எழுத்தாகவே இலவசமாகத் தருகிறது, கற்றுக்கொள்கிற நிலையில் இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். ஜைஸ், அல்லாம், ஃபனார் என்று வளைகுடா நாடுகள் அரபுக்கென்று செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் செய்கின்றன, பணம் கொட்டுகிறது. அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கு, அலுவலகத்து ஸ்கேன் குவியலை எழுத்தாக்கப் போனால் வெல்டர் தம்பிகளுக்கும் பயன்படும், அந்த மாதிரிகளுக்கும் தீனி கிடைக்கும்.

கடைசியாக நம்மூர்க் கடமை ஒன்று. அரபுத்தமிழ் நூல்கள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ், நம் பாட்டிமார்கள் ஓதிய மாலை என்ற பாடல்களும், மார்க்கச் சட்டம் சொல்லும் மஸ்அலா கிதாபுகளும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் எழுதியவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சில் நிறைய வந்தன. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதலாகப் புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள், அதனால் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற மென்பொருளான எழுத்துணரியில் அரபுக்கானதும் திணறுகிறது, தமிழுக்கானது கிட்டவே வராது. அரபு நூலகத் திட்டங்களின் கண்ணில் அது தமிழ், தமிழ் நூலகத் திட்டங்களின் கண்ணில் அது அரபு. மண்ணடி, ராயபுரம் வீடுகளில் பரண் மேல் இன்னும் இருக்கிறது, வீடு இடிக்கும்போது மூட்டையாக எங்கள் கடைக்கே கொண்டுவந்து இதை என்ன செய்வது பாய் என்று கேட்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்றால், ஒன்றும் பெரிதாக இல்லை. பக்கங்களைப் பிரித்துப் போடாமல், நேராக வைத்து, வெளிச்சத்தில், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை வண்ணத்தில் படம் எடுங்கள். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றும்போது நூல் பெயர், ஆசிரியர், அச்சிட்ட இடம் இவற்றைத் தமிழிலும் அரபிலும் இரண்டிலும் தட்டிப் போடுங்கள், ஏனென்றால் தேடுகிறவர் எந்த எழுத்தில் தேடுவார் என்று சொல்ல முடியாது. அரபில் தட்ட வராவிட்டால் தமிழில் மட்டும் போட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மீதியை நான் சேர்க்கிறேன். தயவுசெய்து இலவச ஸ்கேன் செயலியின் விளம்பர முத்திரையை ஒவ்வொரு பக்கத்தின் கீழும் விட்டுவைக்காதீர்கள், அது சரியாகக் கடைசி வரியின் புள்ளிகள் மேல்தான் வந்து உட்காரும்.